ஆறு தாண்டிய பட்டை வண்டி

பங்குனி 4, செவ்வாய்.
காலையிலேயே வெயில். மிளகாய் காய வைத்தேன். பேத்தி மரகதத்துக்கு எட்டாம் மாதம். கால் வீக்கம் முழங்கால் வரை. அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. தலைவலி வேறு.
"கண்ணுல மின்னி மின்னிப் போவுது ஆயா."
இவளைப் பெற்ற என் மகள் அலமேலுவும் இதையேதான் சொன்னாள். அதே வார்த்தை.

பங்குனி 5, புதன்.
மூத்தார் வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன். வீட்டுக்காரர் இறந்தபின் இங்கே இவர் வைத்ததுதான் சட்டம். வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரி இருக்கிறது, பார்ப்பதும் டாக்டரம்மாதான் என்றேன்.
"மாசமா இருக்கறவ ஆறு தாண்டக் கூடாதும்மா. நம்ம குடும்பத்துல வழக்கமில்ல."
அலமேலுவின் பிரசவத்தில் வாசலை மறித்து நின்றவர் இவர். "ஆம்பள டாக்டரு உள்ள வரக் கூடாது." டாக்டர் தெருவோடு திரும்பினார். மரகதம் பிழைத்தாள். என் பெண் போனாள். அன்று இவர் கட்டியிருந்தது பச்சைக் கரை வேட்டி. மறப்பேனா?
உப்பு வாங்க வேண்டும்.

பங்குனி 6, வியாழன்.
தோல் பதனிடும் ஷாப்புக்கு மாட்டு வண்டியில் ஆவாரம்பட்டை ஏற்றிப் போகும் பாஷாவை, மரகதத்தோடு போய் விடியும்போதே நிறுத்தினேன்.
"இன்னா ஆயா, பட்டை மேலயா குந்துவீங்க?"
"மெத்தைன்னு நெனச்சுக்கறோம். ஓட்டுடா."
பாலாற்றங்கரையில் மூத்தார் ஓடி வந்தார். "நில்லும்மா! ஆறு!"
"ஆத்துல தண்ணி எங்க மாமா? காட்டுங்க, திரும்பிடறேன்."
கரைக்குக் கரை மணல்தான். கொஞ்ச தூரம் கூடவே வந்தார். செருப்பு புதைந்தது. நின்றுவிட்டார். பாஷா சிரிப்பை அடக்குவதற்காக மாட்டைத் திட்டினான்.
ஆஸ்பத்திரியில் நர்ஸ்: "ஆம்பளைங்க யாரும் வரலியா? கையெழுத்து வேணுமே."
மரகதத்தின் புருஷன் சென்னை மில்லில். "நான் வந்திருக்கேன்ல?" என்றேன்.
காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். போட்டேன். இரண்டாம் வகுப்பு வரை படித்த கை. கோணல். ஆனால் முழுப் பெயர்.

பங்குனி 7.
மரகதத்துக்கு உப்பில்லாக் கஞ்சி. வெளிச்சம் படாமல் இருட்டறை. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. வெளியே போய் அழுதேன். பிறகு முகம் கழுவினேன்.

பங்குனி 15.
பெண். கைப்பிடி அளவுதான். கத்தல் மட்டும் வார்டு முழுக்க. மரகதம் தானே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குழந்தைக்கு அலமேலு என்று பெயர் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை.
பாஷா வந்தான். எப்போது திரும்புவோம் என்று மூத்தார் கேட்டனுப்பினாராம்.
"ஆத்துல தண்ணி வந்ததும்னு சொல்லு."