பரீட்சைக்கு மட்டும் தயிர்

செப்டம்பர் 14

துருவிக்கு டியூஷனில் கணக்குத் தேர்வு. வழக்கம்போல என் கணவர் ஹர்ஷத் வெள்ளிக் கிண்ணத்தில் தயிரும் சர்க்கரையும் கலந்து, மகளை வாசலில் நிற்கவைத்து ஒரு ஸ்பூன் ஊட்டி அனுப்பினார். முக்கியமான காரியத்துக்குக் கிளம்புகிற யாரும் இந்த வீட்டில் அதைச் சாப்பிடாமல் படி இறங்கியதில்லை. அவர் பஸ் ஓட்டும் உரிமம் வாங்கப் போன அன்றும், நான் மருந்துக்கடை வேலைக்கு நேர்முகம் போன அன்றும் அப்படித்தான். கடல் கடந்து லெஸ்டருக்கு வந்தபின் மாறாதது இது ஒன்றுதான்.

செப்டம்பர் 24

பள்ளியில் ஓட்டப் பந்தயம். துருவி வாசலில் நின்று, "பப்பா, தயிர்?" என்றாள்.

"இன்னிக்கு என்ன பரீட்சையா? ஓட்டந்தானே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவதாக வந்தாளாம். நவம்பர் 16, சனிக்கிழமை, மாவட்ட அளவிலான வயல்வெளி ஓட்டத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாக விளையாட்டு டீச்சர் போன் செய்தார்.

செப்டம்பர் 25

"சனிக்கிழமை டியூஷன். பேச்சே கிடையாது."

"ஒரு நாள்தானே பப்பா!"

"ஓடி ஓடி எங்க போகப் போற? நாங்க இங்க வந்து ஓடினது போதாதா? நீ உக்காந்து படி."

அவரையும் குறை சொல்ல முடியவில்லை. உடம்பால் உழைப்பது வேறு வழியில்லாதவர்கள் செய்வது என்றுதான் எங்கள் இருவர் வீட்டிலும் சொல்லி வளர்த்தார்கள். துருவி தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள். மிச்ச ரொட்டியை நான் சாப்பிட்டேன்.

அக்டோபர் 2

பக்கத்துத் தெரு புஷ்பாபென் கடைக்கு வந்து இருமல் மருந்து வாங்கினார். "உன் பொண்ணு அரை டவுசர் போட்டுக்கிட்டு பார்க்ல ஓடுறாளாமே, நயனா? வெயில்ல கறுத்துப்போயிடுவா."

வெளியே மூன்று நாளாக மழை.

அக்டோபர் 7

நவராத்திரி. கோயில் ஹாலில் கர்பா நடனம். துருவி முதுகு திறந்த ரவிக்கையோடு மூன்று மணி நேரம் நிற்காமல் சுற்றி ஆடினாள். ஹர்ஷத் இரண்டாவது சுற்றிலேயே மூச்சுவாங்கி, எங்கள் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தெம்பு! கண்ணு பட்டுடப் போகுது" - அதே புஷ்பாபென்.

நான் சிரித்து வைத்தேன். பார்க்கில் ஓடுவதும் இதே தெம்புதான் என்று சொல்லியிருக்கலாமோ?

அக்டோபர் 19

ஹர்ஷத் வேலை முடிந்து வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "உன் பொண்ணு இன்னிக்கு என் பஸ்ல ஏறல. பையத் தூக்கிக்கிட்டு டியூஷனுக்கு ஓடுறா. ஒவ்வொரு ஸ்டாப்லயும் எனக்கு முன்னாடி போய் நிக்கிறா!"

"பஸ்ஸையே முந்திட்டாளா?"

"சிக்னல் இருந்துச்சு. ஆளுங்க ஏறணும், இறங்கணும்..." தேநீரைக் குடித்து முடித்தபின் சொன்னார்: "பஸ்ல இருந்தவங்கல்லாம் கை தட்டுறாங்க நயனா. யாரு பொண்ணுன்னு நான் சொல்லல."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினேன். வருத்தமாக இருந்தது.

நவம்பர் 1

தீபாவளி. அப்பாவும் மகளும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நவம்பர் 9

அடுத்த வாரம் துருவி வரமாட்டாள் என்று டியூஷன் மாஸ்டரிடம் நானே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஹர்ஷத்திடமும் சொன்னேன். குரல் நடுங்கிவிட்டது - எனக்கே கோபம், எதற்கு நடுங்கணும்?

"உன் இஷ்டம்" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நவம்பர் 16

நானும் துருவியும் மட்டும் போவதாகத்தான் இருந்தது. குளித்துவிட்டு வந்தால், ஹர்ஷத் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். கையில் வெள்ளிக் கிண்ணம். எதிரே துருவி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

"இன்னிக்கு என்ன பரீட்சையா?" என்றாள்.

"வாயத் திற. பஸ் போயிடும்."

திறந்தாள். நான் திரும்பக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாற்பத்தோராவதாக வந்தாள். சர்க்கரை குறைவாகப் போட்டுவிட்டதாக இவர் வழியெல்லாம் புலம்பினார். திரும்பும் பஸ்ஸில் ஏறும்போது, முழங்கால் வரை சேறாக நின்றவளைக் காட்டி, ஓட்டுநர் கேட்காமலே அவரிடம் ஹர்ஷத் சொன்னார்: "என் பொண்ணு."