டெல்மிக்கு ஒரே ஒரு வினைச்சொல்

நவம்பர் 11
என் ஆங்கில வகுப்பில் டெல்மி இன்றும் ஊமையாகிவிட்டாள். என் சித்தி மகள் என்பதால் எல்லார் முன்னாலும் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. சந்தையில் என்ன வாங்கினாய் என்றுதான் ஆங்கிலத்தில் கேட்டேன். யோசித்து யோசித்து, தக்காளி 'அக்வயர்' செய்தேன் என்றாள், ஏதோ நிலம் கிரயம் பண்ணியவள்போல. ஸ்பானியச் சொல்லைப்போல ஒலிக்கும் ஆங்கிலச் சொல் கிடைத்தால் எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். பேச்சு பிஷப்பின் பிரசங்கம் மாதிரி ஆகிவிடும்.

நவம்பர் 13
ஓட்டல் வரவேற்பு வேலைக்கு நேர்முகம் டிசம்பர் ஐந்தாம் தேதி. டெல்மிக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். புருஷன் எல்லை தாண்டி வடக்கே பிழைக்கப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். ஆறு வயது மகள் இட்செல் டோட்டோனிகப்பான் ஊரில் மாமியார் டோன்யா ரொசென்டாவிடம் வளர்கிறாள். அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "மாசச் சம்பளம்னு ஒண்ணு வரட்டும், பிள்ளையைக் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் இங்க வந்து அழுதுட்டு நிக்காதே."

நவம்பர் 14
முடிவு செய்துவிட்டேன். நேர்முகம் வரை ஒரே சொல். கெட்.

ஸ்பானியத்தில் வாங்குவதற்கு ஒரு சொல், போய்ச் சேர்வதற்கு ஒன்று, பேருந்தில் ஏற ஒன்று, புரிவதற்கு ஒன்று, கோபப்பட ஒன்று. ஆங்கிலக்காரன் அத்தனைக்கும் கெட் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். டெல்மி ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் தேடித்தான் வாயடைத்து நிற்கிறாள்.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் டோன் அபெலினோ அதே சொல்லுக்கு முப்பது அர்த்தம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

"ஒரே சொல்லை வச்சுக்கிட்டு வகுப்பை ஓட்டப்போறியா, யதிரா? பசங்க கட்டணத்தைத் திருப்பிக் கேப்பாங்க."

"கேட்டா உங்ககிட்ட அனுப்புறேன். அந்த முப்பதையும் ஒப்பிச்சுக் காட்டுங்க."

நவம்பர் 21
புத்தகத்தை மூடிவிட்டோம். பேருந்தில் ஏறும்போது, இறங்கும்போது, ரொட்டி வாங்கும்போது, குளிரில் நடுங்கும்போது, எல்லாவற்றையும் அந்தச் சொல்லை வைத்தே சொல்ல வேண்டும். என்னோடு தங்கியிருக்கும் டெல்மி அடுப்பில் வைத்த பீன்ஸ் இன்று தீய்ந்துபோனது. நான் சிரித்தேன். எனக்குக் கோபம் வருகிறது, வெளியே போ என்று இரண்டுக்கும் கெட்டையே போட்டு என்னைத் திட்டினாள். ஒரு பிழை இல்லை. வெளியே போய் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன்.

டிசம்பர் 4
அவளுக்குப் பயம். எனக்கென்ன பயம்? — சரி, எனக்கும்தான். நாளைக்கு வாயைத் திறப்பாளா?

டிசம்பர் 5
திறந்தாள்.

மேலாளர் கனடாக்காரர். நேரமில்லை என்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே பேச உட்கார்ந்தாராம். இங்கேதான் சிக்கல். சாப்பிடுகிறவரிடம் 'புரோவெச்சோ', அதாவது உடம்பில் ஒட்டட்டும் என்று சொல்லாமல் எங்களில் யாரால் உட்கார முடியும்? முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டுக் கடையை விட்டே வெளியேறுவோம். அதற்கு ஆங்கிலத்தில் சொல் கிடையாது. அதை நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. என் புத்தி எங்கே போனது?

"நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்க்கா. உட்காரச் சொல்றார், என்னால முடியல."

"அப்புறம்?"

"கெட் ஹாப்பி வித் யுவர் ஃபுட்னு சொல்லிட்டேன்."

அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, அப்படியென்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். நாங்கள் ஓர் அறைக்குள் வந்தால், அங்கே யாருக்காவது சாப்பாடு கிடைத்திருந்தால், அதைச் சொல்லாவிட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும் என்று முழுக் கதையையும் கெட்டை வைத்தே சொல்லி முடித்திருக்கிறாள். பாதி தப்பாகத்தான் இருந்திருக்கும். இருக்கட்டுமே.

டிசம்பர் 9
வேலை கிடைத்துவிட்டது. "அந்த ஆளு இரக்கப்பட்டுக் குடுத்திருப்பான்" என்கிறார் டோன் அபெலினோ. வயிற்றெரிச்சல்.

ஜனவரி 4
முதல் சம்பளம் வந்தது. டோட்டோனிகப்பான் போனோம். டோன்யா ரொசென்டா சண்டை போடுவாள் என்று வழியெல்லாம் பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை பின்னி, மூட்டை கட்டி வைத்திருந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இட்செல் பேருந்தில் என் பக்கம்தான் உட்கார்ந்தாள். டெல்மியை 'நீங்க' என்கிறாள். இரவு, "எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். டெல்மி போர்வையை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டாள். வாயாடி என்று பெயரெடுத்த நான் எழுந்து போய் விளக்கை அணைத்தேன்.

ஜனவரி 8
குழந்தை சாப்பிடுகிறது. பேசவில்லை.

ஜனவரி 15
இட்செலுக்குப் பள்ளியில் முதல் நாள். டெல்மி ஓட்டல் சீருடையிலேயே வந்தாள். வாசலில் இட்செல் அவள் கையை விடவே இல்லை. பிரித்தெடுக்க ஆசிரியை வர வேண்டியிருந்தது. "சாயங்காலம் நீதானே வருவே?" என்று அழுதபடி கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

டெல்மி வேலைக்குத் தாமதம். சம்பளத்தில் பிடிப்பார்களே என்றேன். பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பள்ளிக் கதவு சாத்தும் வரை நின்றாள்.