கடைசிப் பகுதியை நான் பார்க்கவில்லை

என் வீட்டுத் தலைமைச் செவிலிக்கு, எதற்கும் விதி பேசுவதாக நீ கேலி செய்யும் உன் ‘சட்டம் சார்’ எழுதுவது.

நானும் மகளும் நலம். சமையலறைக் குழாயின் ஒழுகலை ஒருவழியாக நிறுத்திவிட்டேன். நீ விட்டுச் சென்ற வெள்ளைக் காலணிகளை வெயிலில் வைத்து எடுத்து, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

தொலைக்காட்சியில் நாம் பார்த்துவந்த செவிலியர் தொடர் சென்ற வெள்ளியன்று முடிந்தது. தெருவே பார்த்தது, நான் பார்க்கவில்லை. ஒருவர் வேலைக்குப் போயிருக்கும்போது மற்றவர் பார்க்கக் கூடாது என்பது நாம் வகுத்த விதி. நீ வெளிநாடு சென்றிருப்பதும் வேலைக்குத்தான் என்பதால், அவ்விதி இன்னும் நடப்பில் இருப்பதாகவே கொண்டேன். நீ போனபின் வந்த எல்லாப் பகுதிகளையும் மகள் பதிவு செய்து வைத்திருக்கிறாள். முடிவைச் சொல்ல வாயெடுத்தவளைத் தடுத்துவிட்டேன். “அம்மா வர்றதுக்குள்ள அந்த ஹீரோயினே ரிட்டயர் ஆயிடுவா, போங்கப்பா” என்று சிரித்தாள்.

கதையை நான் என்றைக்கு ஒழுங்காகக் கவனித்தேன்? பணி முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், என் மடியில் கால்களை நீட்டிக்கொண்டு தொடரை எடுத்தவர்களை நீ திட்டுவதையல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்! “ட்ரிப்ஸ் பாட்டில் கைக்குக் கீழ தொங்குது பாருங்க, ரத்தம் ட்யூப்ல ஏறிடாதா?” என்பாய். “இத்தனை நீள நகத்தோட இவளை எந்த வார்டுல விடுவாங்க?” என்பாய். “நாள் பூரா ஓடுறாளே, ஒரு தடவையாவது கால் வலிக்குதுன்னு சொல்றாளா?” என்று நீ கேட்கும்போது, உன் குதிகாலைச் சற்று அழுத்திவிடுவேன்.

ஒரே ஒரு காட்சியில் நீ திட்டவில்லை. இறந்துபோன முதியவரின் தலையை வாரிவிட்டு, உறவினர்களை உள்ளே அழைப்பாள் அந்தச் செவிலி. “இதை மட்டும் சரியா எடுத்திருக்காங்க” என்று மெல்லச் சொன்னாய்.

ஒப்பந்தத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிப்பதா என்று இம்மாத இறுதிக்குள் நீ சொல்லியாக வேண்டும். தொலைபேசியில், “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாய். “உன் விருப்பம்” என்றேன். அது முறையான பதில். முழுமையான பதில் அன்று. அந்த வார்டும் அங்குள்ளோர் தரும் மதிப்பும் உனக்குப் பிடித்திருப்பதை அறிவேன். திரும்பி வா என்று ஆணையிட எனக்கு அதிகாரம் இல்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எந்த முடிவை எடுத்தாலும் எழுது. ‘கடைசிப் பகுதியை நீங்களே தனியாப் பார்த்துடுங்க’ என்று மட்டும் எழுதிவிடாதே.

இடையிடையே உட்கார். உன் கால்கள் நலமாயிருக்க வேண்டும்.

சோபாவின் இடது ஓரத்திலிருந்து,
உன் கணவன்.