உன் ஆணியைப் பிடுங்கியாச்சு, அக்கா

என் தங்க அக்காவுக்கு,

நீ போன இடத்தில் வெற்றிலை கிடைக்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கவலை. மற்றதையெல்லாம் நீ சமாளித்துக்கொள்வாய். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். உன் மகள் காமு சொந்தத் தறியில் உட்கார்ந்து நெய்கிறாள். அந்தத் தறி வந்த கதையை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, ஏனென்றால் அது உன் மரத்தில் செய்தது.

எந்த மரம் என்று கேட்பாயா? முசரவாக்கத்தில் நம் அப்பா விட்டுப்போன அரைக்காணியின் மூலையில் நின்றதே, அந்தப் புளியமரம்தான். ஐப்பசியில் அடித்த புயலில் சாய்ந்துவிட்டது. டிரான்சிஸ்டரில் புயல் புயல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் வழக்கம்போல மெட்ராஸோடு போய்விடும் என்று இருந்துவிட்டோம். தாமல் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. மண் ஊறிப்போய், விடிந்து பார்த்தால் மரம் வேரோடு வயல் பக்கம் படுத்துக் கிடக்கிறது. நம் வீட்டுப் பக்கம் விழுந்திருந்தால் நானே நேரில் வந்து உன்னிடம் இதைச் சொல்லியிருப்பேன்.

ஊரே வந்து பார்த்தது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தள்ளியே நின்றார்கள். "மரமே சாஞ்சிடுச்சு. அதுல அடிச்சதெல்லாம் இன்னா ஆவும்?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, உன் பெயரை இழுத்து, "தனத்தைப் புடிச்சதுகூட இதுலதானே இருந்தது?" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "இருந்தா இன்னா? உன் வூட்டுக்கு வழி தெரியலன்னா அதுக்கு நான் காட்டி உடறேன்" என்றேன். அப்புறம் ஏன் கூட்டம் நிற்கிறது. உனக்குத்தான் என் வாய் தெரியுமே.

உன்னைத் தவிர வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். காமு பிறந்த பிறகு நீ சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பிள்ளையைக் கையால் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாய். புளியமரத்துப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். பேயோட்டுகிறவன் வந்தான். உன் உச்சிமுடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி, ஆணியை மரத்தில் அடித்து, முடியை அறுத்து உன்னை விடுவித்தான். பேய் மரத்தோடு நின்றுவிடுமாம், நீ வீட்டுக்கு வந்துவிடலாமாம். அவன் ஆணி கேட்டபோது வீட்டில் ஒன்றும் அகப்படாமல், அப்பா தன் தறிக்காலிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார். கொல்லன் அடித்த சதுர ஆணி, தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். நான் சின்னப் பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நீ எழுந்து நடமாடினாய், பேய் போய்விட்டது என்று ஊர் சொல்லிக்கொண்டது. ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தபோது நீயாகவே சொன்னாய். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல அம்சா. எனக்கு அழணும் போல இருந்தது. ஏன்னு எனக்கே தெரியல. அழ உட்டிருந்தா சரியாப் போயிருக்கும்." சொல்லிவிட்டு அறுந்த இழையை முடிந்துகொண்டு வேலையைப் பார்த்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் சொல்லியிருப்பாயா?

பிறகு மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. காமுவின் அப்பா ஆரணிப் பக்கம் போய் வேறு குடும்பமானார். காமு என் மகளானாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் பிடிவாதம் மட்டும் அவளுக்கு ஏன் முழுசாக வந்தது என்று அவ்வப்போது உன்னைத் திட்டுவேன்.

புயல் அடித்தபோது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஏகாம்பரம், டவுன் பிள்ளை, சத்தமில்லாத சுபாவம். அவனும் கூலித்தறி, இவளும் கூலித்தறி. தினமும் பஸ் பிடித்துப் போய் யார் வீட்டுத் தறியிலோ உட்கார்ந்து, முதலாளி கண் காட்டினால்தான் எழுந்திருக்கலாம். காமு என்னிடம் நகை கேட்கவில்லை. "சின்னம்மா, எனக்கு ஒரு தறி போட்டுக் குடு. எங்க வூட்ல, எங்களுதா இருக்கணும்" என்றாள். தறி என்றால் மரம் வேண்டும். மரக்கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாத நிலைமை. அந்த நேரத்தில் நம் வயலிலேயே அவ்வளவு பெரிய மரம் விழுந்து கிடக்கிறது, விறகாக்கி எரித்துவிடு என்கிறார்கள். மனசு வருமா, நீயே சொல்.

அறுக்கக் கூப்பிட்ட ஆட்கள் மரத்தைப் பார்த்தார்கள், ஊர்ப்பேச்சைக் கேட்டார்கள், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடையைக் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் வாசல் நிலையில் எலுமிச்சம்பழம் கட்டினார். "புயலையே நிறுத்தாத பழம் பேயை நிறுத்திடுமா?" என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டுமே" என்று சொல்லிக்கொண்டே இன்னொன்றையும் கட்டினார்.

கடைசியில் காதர் பாய் என்று ஒருவர் தம்பியை அழைத்துக்கொண்டு டவுனிலிருந்து வந்தார். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ரம்பம், இரண்டு பேரும் முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்து வந்தார்கள். மரத்தைச் சுற்றி வந்து, கோடாலியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். "அடியில கொஞ்சம் பொந்து. மேல உள்மரம் வைரம் பாஞ்சு நல்லா இருக்குதும்மா. செக்குக்கும் வண்டிக்கும் போற மரம், தறிக்கால் தாராளமா வரும்" என்றார். பிற்பாடு யாரோ சொல்லித் தெரிய வேண்டாமென்று பேய்க்கதையையும் நானே சொல்லிவிட்டேன்.

"பேய் இருந்தா இருந்துட்டுப் போவட்டும்மா. அது ரம்பத்தைக் கடிக்காது, ஆணிதான் கடிக்கும்" என்றார் பாய். "ஒரு ஆணி மாட்டினா பல்லு மொத்தமும் போயிடும், அதோட என் பொழப்பும் போயிடும். எங்கெங்க அடிச்சாங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பட்டையோ வளர்ந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஆனால் இரும்பு பட்ட இடத்தில் புளியமரம் மை ஊற்றினாற்போலக் கறுத்துவிடுமாம். பாய் பட்டையைச் செதுக்கிக்கொண்டே வந்தார், கறுப்பு தெரிந்த இடமெல்லாம் உளி வைத்துத் தோண்டினார். நானும் காமுவும் பக்கத்திலேயே குந்தியிருந்தோம்.

ஒன்றோ இரண்டோ வரும் என்றுதான் நினைத்தேன் அக்கா. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. கம்பி ஆணி, லாட ஆணி, கதவில் அடிக்கிற ஆணி. ஒரு சொம்பு நிறைந்துவிட்டது. இத்தனை பேருக்கும் அழ வேண்டும் போல இருந்ததா? அன்றைக்குப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு தள்ளி நின்றவர்களில் எத்தனை பேருடைய ஆணி இதில் இருந்ததோ? அந்த ஒருத்தியிடம் நான் கொஞ்சம் கம்மியாகவே பேசியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

உன்னுடையது தெற்குப் பக்கம் இருந்தது. சதுர ஆணி, சப்பைத் தலை, பார்த்த உடனே தெரிந்துவிட்டது. காமுவின் கையில் கொடுத்தேன், அவளுக்கு எல்லாம் சொல்லித்தான் வளர்த்திருக்கிறேன். முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். "நல்ல ஆணி சின்னம்மா. இன்னும் வளையல பாரு" என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்புறம் அறுப்பு. சாரம் கட்டி மரத்தை அதன் மேல் உருட்டி ஏற்றினார்கள். பாய் மேலே நின்றார், தம்பி கீழே நின்றார், ரம்பம் ஏறி இறங்கியது. கோடு போடக் கொண்டுவந்த கயிறு மழையில் இற்றுப்போயிருந்ததால் காமு பட்டு நூலை முறுக்கிக் கொடுத்தாள். அதைக் கரியில் தோய்த்து, இழுத்துப் பிடித்துத் தெறித்தால் மெல்லிசாகக் கோடு விழுந்தது. "எந்த ராஜாவுக்கும் பட்டுல கோடு போட்டு மரம் அறுத்திருக்க மாட்டாங்கம்மா" என்று பாய் சிரித்தார். உள்ளே வைரம் நல்ல கத்தரிப்பூ கலர். நீ இருந்திருந்தால் அதே கலரில் உடல், மாம்பழ மஞ்சளில் கரை என்று அங்கேயே ஒரு சேலையை யோசித்திருப்பாய்.

அறுத்த கட்டைகளைக் குட்டையில் ஊறப்போடச் சொன்னார் பாய், அப்போதுதான் பூச்சி அரிக்காதாம். அதற்குப் பிறகு வெட்டுமுனைகளில் சாணி பூசி, நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, மெல்லக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடித்துவிடும். கட்டைகளைக் குட்டையில் போட்டதுதான் தாமதம், ஊரில் ஒருத்தரும் அந்தப் பக்கம் குளிக்கப் போகவில்லை. "அம்சா பேயை ஊற வெச்சிருக்கா" என்று பேச்சு. எருமைகள் மட்டும் கட்டைகளுக்கு நடுவே சுகமாகப் படுத்துக் கிடந்தன.

அந்தப் பேச்சு டவுனுக்கும் போய்விட்டது. தை பிறந்ததும் ஏகாம்பரத்தின் அம்மா நம் வீட்டுக்கு வந்தார். அதற்குள் கட்டைகளைக் கரையேற்றிக் கொட்டகையில் அடுக்கியிருந்தோம். அவர் உட்காரக்கூட இல்லை. "தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்த மரத்துல தறி போட்டா என் புள்ளைய அதுல உக்கார வெக்க மாட்டேன். இந்தக் கல்யாணமே வேணுமான்னு எங்க வூட்ல பேசிக்கினு இருக்காங்க" என்றார். ஒரு தறிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனோ என்று நின்றேன்.

காமு உள்ளே போய் அந்தச் சொம்பை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "அத்தே, மரத்துல இருந்ததெல்லாம் இதுதான். எங்கம்மாவுக்கு அடிச்சதும் இருந்தது, அதை நான் வெச்சிருக்கேன். வேற ஒண்ணும் உள்ள இல்ல."

அவர் கீழே உட்கார்ந்து, கையை விட்டு ஒரு ஆணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடி இல்லியா?" என்று கேட்டார்.

"முடியெல்லாம் எப்பவோ மக்கிப் போச்சு" என்றேன்.

"அறுக்கும்போது ரொம்ப வலிச்சது" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். "என்னுது தாமல் ஏரிக்கரையில இருக்குதும்மா. மொத புள்ள செத்துப் பொறந்தது. நான் அழுதுக்கினே இருந்தேன்னு இட்டுக்கினு போயி அடிச்சாங்க. புள்ள செத்தா அழ மாட்டாங்களா? அந்த மரம் இந்தப் புயலுக்கும் சாயல."

மூன்று பேரும் உட்கார்ந்து அழுதோம். யாரும் யாரையும் போதும் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பேய் மூன்று பேரையும் ஒன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்கு ஓடினார். அவர் திரும்பி வந்தபோது நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம். சம்பந்தியம்மா கிளம்பும்போது கொட்டகைக்குப் போய் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"ஆடாம நிக்குமா?"

"குத்துக்கல்லு மாதிரி நிக்கும்."

"அப்போ போடுங்க. வூட்ல நான் பேசிக்கிறேன்" என்றார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நெய்த சேலை சுருளும் உருளைக்கு மட்டும் புளி ஆகாது என்று ஆசாரி சொன்னதால் அதற்குத் தேக்கு வாங்கினோம், மற்றதெல்லாம் உன் மரம்தான். தறி நின்றதும் காமு இடுப்பிலிருந்து நம் அப்பாவின் அந்தச் சதுர ஆணியை எடுத்துத் தன் கையாலேயே தறிக்காலில் அடித்தாள். அதில் இப்போது அவளுடைய நூல்பை தொங்குகிறது. மீதி ஆணிகளைக் கொல்லனிடம் கொடுத்து, பழைய இரும்போடு சேர்த்து ஒரு அரிவாள்மனை அடித்து வாங்கினேன். கீரை அருமையாக அரிகிறது. முதல் சேலைக்கு என்ன கலர் போட்டாள் என்று நான் சொல்லத் தேவையில்லை, கத்தரிப்பூவும் மாம்பழ மஞ்சளும்தான். சேலையை வாங்குகிற முதலாளி கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்க மனசில்லாமல் பார்த்தாராம்.

இன்னொரு சேதியும் இருக்கிறது, அதற்காகத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். காமு முழுகாமல் இருக்கிறாள். பிரசவத்துக்கு இங்கேதான் வருவாள். சம்பந்தியம்மாவும் கூட வந்து தங்குவேன் என்று சொல்லிவிட்டார், நான் கேட்கவே இல்லை.

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு காமு சிரித்தால் கூடச் சிரிப்போம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதே சுவரைப் பார்ப்பேன். ஏன் என்று தெரியாமலே அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தால், வேண்டிய மட்டும் அழட்டும், பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன். யாராவது ஆணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் என் வாய் இருக்கிறது, அரிவாள்மனையும் இருக்கிறது.

அன்றைக்கு உன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற,
உன் தங்கச்சி
அம்சா