மூன்று ராத்திரிக்கு மின்சாரம்

மார்ச் 3, செவ்வாய்
இனிமேல் வேனில் படுக்கவே மாட்டேன் என்று அவள் சொல்லி இன்றோடு ஒரு மாதம். தப்பு என்னுடையதுதான். தூங்கும்போது மூச்சுக்கு மெஷின் மாட்டிக்கொள்கிற பெண்டாட்டியை, ப்ளக் பாயிண்டே இல்லாத ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். விடிவதற்குள் பேட்டரி காலி. மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாளே, அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இத்தனைக்கும் ஊர் ஊராய்ப் போய்த் தங்க வேன் வாங்கணும் என்று ஆசைப்பட்டதே அவள்தான்.

மச்சினிக்குப் போன் போட்டேன். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவள். அக்காவுக்காக லீவு போட்டு வருகிறாளாம்.

மார்ச் 7, சனி
வந்ததும் வராததுமாக மச்சினி வேனின் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டை மாட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். லிஃப்ட் வேலையில் அதுதான் வழக்கமாம், வயரில் கை வைப்பவரிடம்தான் சாவி. எனக்குச் சுருக்கென்றது. என் வேனில் எனக்கே பூட்டா?

மத்தியானம் அவள் கடைக்குப் போன சமயம், விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் போனேன். பூட்டு. முனகிக்கொண்டே குனிந்தால், ரப்பர் உரித்த வயர் முனை இரண்டு தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. சுவிட்சைப் போட்டிருந்தால்? பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மார்ச் 8
கையில் சாக்பீஸோடு வேன் கூரையில் ஏறினாள். காற்றுப்போக்கியின் மூடி நிழல் எங்கே விழுகிறது என்று மணிக்கு ஒரு கோடு. சாயங்காலம் பார்த்தால், நான் பெருமையாகப் பொருத்திய சோலார் பலகை முழுக்கக் கோடு. ஒரு மூலையில் நிழல் பட்டாலே மொத்தப் பலகையும் சோர்ந்துவிடுமாம். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 10
நிழல் படாத இடத்தில் இரண்டு பலகை. புது லித்தியம் பேட்டரி. பழசும் கூட இருக்கட்டுமே, சும்மாதானே கிடக்கு என்றேன்.

"நல்லா ஓடுறவரையும் மூச்சு வாங்குறவரையும் சேர்த்துக் கட்டி ஓடவிடுவீங்களா மாமா?"

பழசைத் தூக்கிக்கொண்டு போனேன். வயர் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி எது எதற்கு என்று எழுதியிருக்கிறாள். என்ன கை அது!

மார்ச் 13
அக்கா இன்னும் வேன் பக்கம் வரவில்லை. தங்கை கெஞ்சவும் இல்லை. வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, அதே மாதிரி இன்னொரு மெஷினை வாடகைக்கு எடுத்து, ஃப்ரிட்ஜோடு சேர்த்து ராத்திரி முழுக்க வெறுமனே ஓடவிடுகிறாள். காலையில் பேட்டரியில் மிச்சம் எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிச் சமையல் மேடையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

மார்ச் 14
68. 71. 66.
தாளை மூன்று நாளும் பார்க்காததுபோல் பார்த்த என் பெண்டாட்டி, இன்று தன் தலையணையைக் கொண்டுபோய் வேனில் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்ல, கையில் வெங்காயமும் இல்லை.

மார்ச் 21, ஏரிக்கரை
மூன்றாம் நாள். காலையிலிருந்து மேகம். பேட்டரி 38. கிளம்பிடலாம் என்று சாவியை எடுத்தேன்.

என் பெண்டாட்டி ஒரு காகிதத்தில் என்னவோ கழித்துப் பார்த்தாள். "மெஷினுக்கு இது தாராளம். ஃப்ரிட்ஜை அணைங்க. நாளைக்கும் இருந்துட்டுப் போலாம்."

அணைத்தேன். இருந்த பாலையெல்லாம் காய்ச்சி, கரையில் உட்கார்ந்து இருவரும் குடித்தோம்.