பதினாலு நடக்குது

2001 ஜூன் 12

பாடசாலையில் வைத்தியப் பரிசோதனை. எட்டாம் வகுப்பு ஆன்சலாவின் உயரம் ஒன்றரை மீற்றர், நிறை 35.1 கிலோ. உடற்திணிவுச் சுட்டி 15.6. 'ஐந்தாம் சதமணைக்குக் கீழ்' என்று சிவப்பில் எழுதிவிட்டா தாதி சிவனேஸ்வரி. சிவப்பு விழுந்தால் ஓட்டம் இல்லை என்கிறார் அதிபர். மாகாணப் போட்டிக்குப் பத்து நாள். 800 மீற்றரில் அவளைப் பிடிக்க நெளுக்குளத்தில் ஆள் இல்லை.

ஜூன் 13

நாயாற்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆன்சலாவின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றா. "டீச்சர், என்ர பிள்ளை நூற்றுக்கு அஞ்சும் எடுக்கேல்லையாம். சாப்பாடு குடுக்கிறனான்தானே!"

சதமணை என்பது புள்ளி இல்லை, மெலிவிலிருந்து பருமன் வரை நூறு பிள்ளைகளை வரிசையில் விட்டால் எத்தனையாவது இடம் என்பதுதான் என்றேன்.

"அப்ப வரிசையில ஆர் நிக்கினம்?"

"அவளின்ர வயதுப் பொம்பிளைப் பிள்ளையள்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என்ன வயது என்று கேட்டேன்.

"பதினாலு நடக்குது."

நடக்குது! அப்படியென்றால் முடிந்தது பதின்மூன்றுதானே?

ஜூன் 14

ஞானஸ்நானத் துண்டில் பிறந்த தேதி 1988 மே 3. பதின்மூன்று வயது, ஒரு மாதம். அந்த வயதுக்கு ஐந்தாம் சதமணை 15.3 அளவில், பதினாலுக்கு 15.8. எங்கள் 15.6 இரண்டுக்கும் நடுவில், அவளின் சரியான வயதுக் கோட்டுக்கு மேலே!

அதிபர் வீரகத்தி சிரித்தார். "கணக்கு டீச்சர் இப்ப டொக்டராயிட்டா."

சிவனேஸ்வரி சிரிக்கவில்லை. மூன்று தரம் வளர்ச்சி வரைபடத்தின் கோட்டைப் பார்த்தா. "கேட்டனான் டீச்சர், அவள் பதினாலு எண்டுதான் சொன்னவள்." சிவப்பைத் தானே வெட்டி, கீழே ஒப்பமும் வைத்தா.

அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து போட்ட கோடு. அதை நான் பெரிதாக நம்பவில்லை. ஆனால் அந்தக் கோட்டால்தான் மறிப்பார்கள் என்றால், சரியான வயதிலாவது மறிக்கட்டும். மெலிந்த பிள்ளைதான், மறைக்கவில்லை. முட்டை, மீன் கூட்டிக் கொடுத்து மூன்று மாதத்தில் திரும்ப நிறுக்கவேண்டும்.

ஜூன் 15

முடிந்த வயதை வைத்து வகுப்பு முழுவதையும் திருத்தினோம். நாலு சிவப்பு அழிந்தது. ஒன்று அழியவில்லை – அந்தப் பிள்ளைக்குக் கிளினிக் துண்டு எழுதியாயிற்று. ஆன்சலாவின் பெயர் போட்டிப் பட்டியலில் ஏறியது.

ஜூன் 22

முதலாம் இடம். கடைசி வளைவில் இரண்டு பேரை வெட்டி முந்தினாள்.

நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேனாம். சிவனேஸ்வரி சொல்லித்தான் தெரியும். கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதித்தான் வகுப்பு நடத்தவேண்டும்.