சாக்கடைக்கு மேல் நாற்காலி

4.9.89, திங்கள்

வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது என்றால், முதல் வேலையாகக் குறையை மறைத்துவைக்க வேண்டும் என்று நமக்கு ஏன் தோன்றுகிறது? நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

நடந்ததை எழுதிவைக்கிறேன். வீட்டுச் சங்கம் தன் வாடகை வீடுகளில் மாதத்தின் முதல் ஞாயிறைக் 'குடியிருப்போர் நாள்' என்று அறிவித்திருக்கிறது. தலைவரே ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்திலிருந்து வந்து உட்கார்வார். குடியிருப்பவர்கள் குறைகளைச் சொல்லலாம். ராஜபாளையத்தில் எங்கள் காலனிக்கு என்னை அமைப்பாளராகப் போட்டார்கள். எம்.ஏ. படித்தவள், பள்ளிக்கூடத்து டீச்சர், தனி ஆள் என்று மூன்று காரணம் சொன்னார்கள். இந்த மாதிரி நாள்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கீழ்வரிசைச் சாக்கடைக்காக மட்டும் ஒப்புக்கொண்டேன். மூலையில் பாதைக்கு அடியில் போகும் குழாய் குறுகலானது. மழைத் தண்ணீரோ துவைக்கிற தண்ணீரோ கூடினால் திரும்பி வீடுகளுக்குள் ஏறிவிடும்.

நேற்றுக் காலையில் போய்ப் பார்த்தால் சாக்கடையையே காணவில்லை. சனிக்கிழமையே ஆண்கள் அதை வாரிவிட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி, பலகை அடுக்கி, மேலே பஞ்சுப்பொதிச் சாக்கை விரித்து, அதற்கும் மேலே ஜமுக்காளம் போட்டிருந்தார்கள். ஜமுக்காளத்தின் மேல் தலைவருக்கு நாற்காலி, அதற்கு மேல் பந்தல். பெண்கள் ஒருத்தியும் துணி துவைக்கவில்லை. ஞாயிறுதான் மில்லுக்கு லீவு. வாரத் துணி முழுவதும் அன்றைக்குத்தான் துவைப்பார்கள். நேற்று எல்லாரும் கல்யாணச் சேலையில் நின்றார்கள்.

தலைவர் சுந்தரபாண்டியன் மாலையைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார். "இம்புட்டுச் சுத்தமான காலனிய நான் பார்த்ததில்ல. குறை ஏதும் இருந்தாச் சொல்லுங்க."

யாரும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து சாக்கடை என்றேன்.

"எங்கம்மா இருக்கு?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டமே சிரித்தது. கடைசி வீட்டு வெள்ளத்தாயும் சிரித்தாள். அதிகம் நனைவது அவள் வீடுதான்.

அவர் நாற்காலிக்கு அடியில்தான் இருந்தது.

5.9.89

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ரோஜாப்பூ கொடுத்தார்கள். எரிச்சல் தீரவில்லை.

7.9.89, வியாழன்

வெள்ளத்தாய் வந்தாள். மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினாள்.

அவள் மகள் செல்லக்கனியைத் தேவதானத்தில் கொடுத்திருக்கிறது. முழுகாமல் இருக்கிறாள். ஐப்பசியில் வளைகாப்பு, அதன் பிறகு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். சம்பந்தியம்மா முத்தாத்தாள் சொல்லிவிட்டாளாம்: "சாக்கடை ஏறுற வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படி அனுப்ப? மழைக்காலத்துல முடியாது. இங்கயே பாத்துக்கிடுதோம்."

"மக வரலன்னா நாலு பேரு என்ன சொல்லுவாக டீச்சர்? ஆத்தாகாரிக்கு ஒரு பேறுகாலம் பாக்க வக்கில்லன்னுதான?"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கிவைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அப்படியானால் அன்றைக்கு ஏன் சிரித்தாய்?

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்தவுக முன்னாடி நாத்தத்தக் காட்டச் சொல்லுதீகளா?"

முத்தாத்தாள் மேல் கோபம்கூட வரவில்லை. அவள் சொல்வது சரிதானே?

11.9.89, திங்கள்

பள்ளி விட்டதும் நேரே சங்க அலுவலகம். தேர் நிற்கும் இடத்தைத் தாண்டி மாடியில் இருக்கிறது. தலைவர் நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம். "என் கண்ணால பாத்துட்டு வந்தேன்லம்மா? உங்க காலனி மாதிரி மத்த காலனியும் இருந்தா எனக்கு ஏன் தலைவலி?" என்று பால்கோவாவை நீட்டினார். தின்றுவிட்டு வந்தேன்.

14.9.89

பிளஸ் டூ பொருளாதார வகுப்பில் தேவை விதி நடத்திக்கொண்டிருந்தபோது தோன்றியது. சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இவர்களை அழுக்கைக் காட்டச் சொல்லக் கூடாது. விருந்தாளியை வீட்டுக்குள் கூப்பிடச் சொல்ல வேண்டும். அது இவர்களுக்குக் கைவந்தது.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றே வந்தேன். இந்த வயதில் இது என்ன ஆட்டம்?

17.9.89, ஞாயிறு

துவைக்கிற கல்லடியிலேயே கூட்டம் போட்டேன். கீழ்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் கையில் துணியோடு.

என் யோசனை: அக்டோபர் ஒன்றாம் தேதி பந்தல் வேண்டாம், மைக் வேண்டாம். வெள்ளத்தாய் வீட்டு அடுப்படியில் தலைவருக்குக் காப்பி. மற்றவர்கள் வழக்கமான ஞாயிறு போலத் துவைக்க வேண்டும். வாரக் கூடாது, பவுடர் தூவக் கூடாது.

"கூட்டாமக்கூடவா?" என்றாள் ஒருத்தி, நான் பாவம் செய்யச் சொன்னதுபோல.

மில் ஃபிட்டர் மலைச்சாமி அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "டீச்சர், இவளுகள வேலைய விட்டுக்கூட நிறுத்திரலாம். வெளக்கமாத்த வாங்கி வைக்க ஏலாது."

"உங்க வாய வாங்கி வைக்க ஆளு இருக்கா அண்ணே?" என்றாள் வெள்ளத்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாள். "அடுப்படியிலயா? தலைவரையா? அவிய வருவாகளா?"

காப்பிக்குக் கூப்பிட்டால் வருவார் என்றேன். அதற்கு மேல் எனக்கே நிச்சயம் இல்லை.

22.9.89

மலைப் பக்கம் இருட்டி, ஒரே பாட்டம் மழை. கீழ்வரிசையில் கணுக்கால் அளவு. வெள்ளத்தாய் அரிசிப் பானையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டாள். இது இன்னும் மழைக்காலமே இல்லை.

30.9.89, சனி

கெட்டது. சாயங்காலம் கீழ்வரிசைக்குப் போனால் மண்வெட்டிச் சத்தம். வெள்ளத்தாய்தான் — வேறு யாரும் இல்லை, அவளேதான் — முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு தன் கொல்லைப்புறத்துச் சாக்கடையை வாரிக்கொண்டிருந்தாள்.

என்ன இது, என்ன செய்யுத நீ, என்று கத்திவிட்டேன். நான் கத்தி இந்தக் காலனி கேட்டதில்லை. என் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததையும் கேட்டதில்லை.

"கொஞ்சூண்டுதான் டீச்சர். நாத்தம் அடிச்சா காப்பி எறங்குமா அவியளுக்கு?"

"எறங்க வேண்டாம். ஒம் மக வரணுமா, வேண்டாமா?"

மண்வெட்டியைக் கீழே போட்டாள். நான் அதை எடுத்து, வாரிப்போட்டிருந்த சகதியைத் திரும்ப உள்ளே தள்ளினேன். வாழ்க்கையில் முதல் தடவை மண்வெட்டி பிடிக்கிறேன். பாதி என் சேலையில். மலைச்சாமி சுவருக்கு மேல் எட்டிப்பார்த்து, "எம்.ஏ.வுல இதெல்லாம் சொல்லிக்குடுக்காகளா?" என்றார். வெள்ளத்தாய் சிரித்தாள். நானும்தான்.

நாளை எவள் கையில் விளக்குமாறு இருக்குமோ.

1.10.89, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

தலைவர் பத்து மணிவாக்கில் வந்தார். பந்தலைத் தேடினார். காப்பிக்கு வெள்ளத்தாய் வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்றேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு, "கூப்பிட்டா வரணும்ல" என்று குனிந்து உள்ளே நுழைந்தார். அடுப்படியில் பலகை போட்டிருந்தாள். உட்கார்ந்தார். வாடை அடித்தது, அவர் முகத்தில் தெரிந்தது, ஆனால் மரியாதைக்காரர், சொல்லவில்லை. காப்பி வந்தது. மகளுக்கு எத்தனை மாதம் என்று கேட்டார்.

வெளியே துணி அடிக்கும் சத்தம். முதலில் ஒன்றிரண்டு கல்லில்தான். மற்றவர்கள் எங்கே? அவர் வந்திருக்கும்போது துவைக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டார்களா? அப்புறம் மூன்றாவது, நான்காவது. கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் தப்தப்பென்று அடி. யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள். இன்னொருத்தி. அதற்குப் பின்னால் இன்னொருத்தி.

கொல்லை வாசல்படியைத் தாண்டி அது வந்தது. சாம்பல் நிறம், மேலே சோப்பு நுரை. அடுப்பைச் சுற்றி, பலகையைச் சுற்றி, தலைவரின் வெள்ளை வேட்டி ஓரத்தைத் தொட்டது. அவர் டம்ளரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசத் தயாரித்துவைத்திருந்தது எல்லாம் போய்விட்டது.

வெள்ளத்தாய் சொன்னாள், உபசாரமாகவே: "காலத் தூக்கி வச்சுக்கோங்கய்யா. செத்த நேரத்துல வடிஞ்சிரும். நாங்க அப்படித்தான்."

அவர் காலைத் தூக்கவில்லை. "போன மாசம் இது எங்க இருந்துச்சு?"

வாசலில் நின்ற மலைச்சாமி, "உங்களுக்குக் கீழதாங்கய்யா ஓடிக்கிட்டிருந்துச்சு. சாக்கு போட்டு மூடி வச்சிருந்தோம்" என்றார்.

தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காப்பி சிந்தியது. சிரித்து முடிந்ததும் முகம் மாறிவிட்டது. எழுந்து கொல்லை வழியே மூலைவரை நடந்து குழாயைப் பார்த்தார். கிருஷ்ணன்கோவிலில் சங்கம் கட்டும் புது வீடுகளுக்கு வாங்கிய பெரிய சிமெண்ட் குழாய்கள் சும்மா கிடக்கின்றனவாம். "நாளைக்கே ஆள் அனுப்புதேன்" என்றார்.

பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஈரக்கையோடு. எனக்கு அழுகை வந்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தேன்.

இப்போது தனியாக உட்கார்ந்ததும் பழைய புத்தி வருகிறது. நாளை காந்தி ஜெயந்தி. எந்த அலுவலகம் திறக்கும்? எந்த ஆள் வருவான்? நாளைக்கே என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2.10.89, திங்கள்

வந்தார்கள்.

எட்டரை மணிக்கு ஒரு டிராக்டர், பின்னால் குழாய்கள், மேலே ஆட்கள். மில்லுக்கும் லீவு என்பதால் மலைச்சாமி கடப்பாரையோடு இறங்கிவிட்டார், அவரைப் பார்த்து மற்ற ஆண்களும். மதியத்துக்குள் மூலையிலிருந்து வெள்ளத்தாய் வீடுவரை பள்ளம். இரண்டு பக்கமும் கறுப்புச் சகதி மலைமாதிரி. இந்தக் காலனி இவ்வளவு அசிங்கமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல், தேவதானத்திலிருந்து முத்தாத்தாள் வந்து இறங்கினாள். மகனுக்கு லீவாம், செல்லக்கனிக்குத் துணையாக வீட்டில் இருக்கிறானாம், வளைகாப்புக்கு நாள் பேசிவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருமுனையில் நின்றாள்.

வெள்ளத்தாய் உள்ளே ஓடுவாள், எதையாவது விரித்து மூடுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே போய்ச் சம்பந்தியின் கையைப் பிடித்தாள். "வாங்க மதினி. மொதல்ல இங்கிட்டு வந்து பாருங்க. பொறவு உள்ள போவம்."

பள்ளத்தின் குறுக்கே போட்டிருந்த பலகையில் இரண்டு பேரும் ஏறி நின்றார்கள். ஆட்கள் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முத்தாத்தாள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குனிந்தாள். மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இம்புட்டுப் பெருசா போடுதாக?"

"ஆமா மதினி."

சேலையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "சகதிய மட்டும் சீக்கிரம் அள்ளச் சொல்லுங்க. ஐப்பசி கடைசில வளைகாப்ப வச்சுக்கிட்டு, அன்னைக்கே பிள்ளயக் கூட்டிட்டுப் போயிருங்க."